வேம்புலியின் வலது கண்

வேம்புலி கையில் சிவப்புத் துண்டோடு கரையில் நின்றுகொண்டிருந்தார். அலைக்கு அப்பால் தோணி காத்திருந்தது. கயிறு இழுக்க வேண்டிய இருபது பேர் மணலில் குந்தியிருந்தார்கள். எல்லாருடைய பார்வையும் அந்தத் துண்டின் மேல்தான்.

கரைவலை போடும் விதம் அப்படி. தண்ணீரின் நிறத்தைப் பார்த்து மீன் கூட்டம் எங்கே வருகிறது என்று கரையில் நிற்பவர் சொல்ல வேண்டும். துண்டு மேலே போனால் தோணி வலையை இறக்கிக்கொண்டே வளைக்கும். துண்டு எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கம் வளைக்கும். அவர் தப்பாகச் சொன்னால் இருபது வீட்டிலும் அன்றைக்கு வெறும் கஞ்சிதான்.

திருவிடந்தைக்குப் பக்கத்தில் இருந்த அந்தக் குப்பத்துக்கு நான் நர்சாகப் போய் இரண்டு வருஷம் ஆகியிருந்தது. பங்குனி வெயில். பிள்ளை பெற்றவளுக்கு மாத்திரை கொடுத்துவிட்டுத் திரும்பும்போது, வேடிக்கை பார்க்க நின்றேன். வடக்கே பறவைகள் கூட்டமாக விழுந்து விழுந்து எழுந்தன. எனக்கே தெரிந்தது. வேம்புலி மட்டும் திரும்பவில்லை. அவர் முகம் தெற்கே எங்கேயோ பார்த்தபடி இருந்தது.

அவருக்குப் பின்னால் இரண்டடி தள்ளி அவர் மனைவி செங்கேணி கூடையைக் கவிழ்த்து உட்கார்ந்திருந்தாள். மணலை அளைந்துகொண்டே, வெற்றிலை மெல்லுகிற மாதிரி வாயை அசைத்தாள். வாயில் வெற்றிலை இல்லை. வேம்புலியின் தலை ஒரு விரற்கடை பின்னால் சாய்ந்தது. அதற்குப் பிறகுதான் துண்டு மேலே போய் வடக்கே சாய்ந்தது.

வலை நிறைய நெத்திலி. “கயுகுக் கண்ணுய்யா உனுக்கு!” என்று வலைக்காரர் தேசிங்கு அவர் முதுகில் தட்டினார். எல்லாரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. மீன் வாங்குவதுபோல் கிட்டே போய் அவர் முகத்தைப் பார்த்தேன். இடது கண் சுருங்கி உள்ளே போயிருந்தது. அது பழைய கதை, ஊருக்கே தெரியும். வலது கண்ணின் பாப்பா வெள்ளை வெளேரென்று இருந்தது.

எனக்குப் பிடித்த நோய்

எனக்குச் சின்ன வயதிலிருந்தே சந்தேக புத்தி. என் வீட்டுக்காரர் காபி நன்றாயிருக்கிறது என்று சொன்னால்கூட டம்ளரை வாங்கி ஒரு வாய் குடித்துப் பார்ப்பேன். இந்தத் தொடரை வாரா வாரம் படிப்பவர்களுக்கு இது புதிதல்ல.

வேலையும் அதற்குத் தகுந்தாற்போல் வாய்த்தது. மாத்திரை விழுங்கினேன் என்பார்கள், கூரையில் செருகியிருக்கும். மாதம் ஐந்து என்பார்கள், எட்டாக இருக்கும். அவர்கள் என்னிடம் பொய் சொன்னார்கள். நானும் அவர்களிடம் சொன்னேன். அது குடும்பக் கட்டுப்பாட்டுக்கு இத்தனை பேர் என்று மேலிருந்து விரட்டிய காலம். வெள்ளை ஜீப் சவுக்குத் தோப்பைத் தாண்டினாலே ஆம்பிளைகள் கட்டுமரத்தைத் தள்ளிக்கொண்டு கடலுக்குள் போய்விடுவார்கள். அறுபதைத் தாண்டிய ஒருவரை அந்த வண்டியில் ஏற்றியதைக் கண்ணால் பார்த்துக்கொண்டு வாயை மூடிக்கொண்டிருந்தவள் நான். அதை நினைத்தால் இன்றைக்கும் கூசுகிறது.

ஆகவே அந்தக் குப்பத்துக்காரர்கள் என்னை நம்பவில்லை என்றால் தப்பு அவர்கள் பேரில் இல்லை.

ஊசிக்காரன் காட்டிய வெளிச்சம்

இடது கண்ணின் கதையைச் சொல்லாமல் மேலே போக முடியாது.

சில வருஷங்களுக்கு முன்னால் ஒருவன் தோள்பையோடு கரையோர ஊர்களுக்கெல்லாம் வந்தானாம். கண்ணில் பூ விழுந்திருந்தால் ஒரே நிமிஷத்தில் எடுத்துவிடுகிறேன் என்றானாம். வேம்புலியைக் கட்டுமரத்தின் மேல் உட்காரவைத்து, நாலு பேரைப் பிடிக்கச் சொல்லி, கண்ணின் ஓரத்தில் ஊசியைக் குத்தி உள்ளே எதையோ தள்ளினான். குத்திய நிமிஷமே வேம்புலிக்கு எல்லாம் தெரிந்தது. எதிரே நின்றவன் எத்தனை விரல் காட்டினான் என்று எண்ணிச் சொன்னார். ஊரே கைதட்டியது.

ஒரு மாதம் அந்த வெளிச்சம் இருந்தது. பிறகு கண் சிவந்தது, வீங்கியது, பத்து நாள் தலையைச் சுவரில் முட்டிக்கொண்டு அழுதார். வலி நின்றபோது கண்ணும் போயிருந்தது. ஊசிக்காரன் அதற்குள் மரக்காணம் பக்கம் போய்விட்டான் என்றார்கள்.

அந்த வைத்தியத்தின் சூட்சுமம் எனக்குப் பிற்பாடுதான் புரிந்தது. அவன் எதையும் எடுக்கவில்லை. வழியை மறைத்ததைக் கண்ணுக்கு உள்ளேயே குப்புறத் தள்ளிவிட்டுப் போயிருக்கிறான். குப்பையைப் பாய்க்கு அடியில் தள்ளிவிட்டு வீடு பெருக்கியாயிற்று என்பது மாதிரி.

மிச்சமிருந்தது வலது கண் ஒன்றுதான். அதிலும் பூ விழ ஆரம்பித்தபோது செங்கல்பட்டுக்குப் போய்க் காட்டியிருக்கிறார். “இன்னும் முத்தவில்லை, பழுத்த பிறகு வா” என்று அனுப்பிவிட்டார்கள்.

“பயுக்கறதுக்கு அது இன்னா மாங்காவா நர்சம்மா?” என்று என்னிடம் கேட்டார். “கண்ணு கெட்டா வான்னு சொல்றவன் வைத்தியனா?”

கேள்வி நியாயமாகத்தான் பட்டது. அந்தக் காலத்து வழக்கம் அது. நன்றாக முற்றிக் கெட்டியானால்தான் முழுசாக எடுக்கச் சுலபம் என்று காக்க வைப்பார்கள். அதுவரை ஆள் தட்டுத் தடுமாறி வாழ வேண்டியதுதான். வேம்புலி ஊராரிடம் லேசான மங்கல் என்றுதான் சொல்லிவைத்திருந்தார்.

குழம்பு மீனின் கண்

கோடை விடுமுறையில் செங்கல்பட்டில் ஒரு பள்ளிக்கூடத்தில் கண் முகாம் நடக்கப்போவதாகச் செய்தி வந்தது. ஆள் தேர்ந்தெடுக்க ஒரு டாக்டர் எங்கள் பக்கம் வந்தார். குட்டையான மனிதர், வழுக்கைத் தலை, சட்டென்று கோபம் வரும். அவர் வந்து இறங்கியது அதே வெள்ளை ஜீப்பில். குப்பமே காலியாகிவிட்டது.

ஓடத் தெரியாமல் அகப்பட்டவர் வேம்புலி ஒருவர்தான். செங்கேணி அவர் கையைப் பிடித்தபடி நின்றாள். டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்தார். வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று கேட்டார். வேம்புலி சரியாகச் சொன்னார்.

“உள்ளே நரம்பு நன்றாக இருக்கிறது. இப்போதே எடுத்தால் பார்வை வரும். மழைக்காலம் வரைக்கும் விட்டால் புரை அளவுக்கு மீறி முற்றி, கண்ணுக்குள்ளேயே உடைந்துபோகும். அப்புறம் யார் வந்தாலும் ஒன்றும் செய்ய முடியாது” என்றார் டாக்டர்.

“இன்னாத்த எடுப்பீங்க?” என்றாள் செங்கேணி.

டாக்டர் அவள் கூடையிலிருந்து ஒரு சங்கரா மீனை எடுக்கச் சொன்னார். அரிவாள்மணையில் அதன் கண்ணைக் கீறி அமுக்கினார். ஜவ்வரிசி மாதிரி ஒரு மணி வெளியே வந்தது. கண்ணாடியாய்த் துலங்கியது.

“இதே மீனைக் குழம்பில் போட்டால் இந்த மணி என்ன ஆகும்?”

“வெள்ளையா ஆவும். பல்லுல கடிபடும்.”

“அதேதான். மனுஷன் கண்ணிலும் இப்படி ஒரு மணி இருக்கிறது. வயதாக ஆக வெள்ளையாகிவிடும். பூவும் இல்லை, சதையும் இல்லை. கண்ணுக்கு மேலே ஒன்றும் வளரவில்லை. உள்ளே தெளிவாக இருந்தது கலங்கிப் போயிருக்கிறது. மருந்து ஊற்றினாலும் கரையாது. வெந்த மணியைத் திரும்பப் பச்சையாக்க முடியுமா?”

இத்தனை வருஷம் நர்ஸ் வேலை பார்த்த எனக்கே அன்றுதான் அது சரியாக விளங்கியது.

செங்கேணி அந்த மணியைச் சூரியனுக்கு நேரே பிடித்துப் பார்த்தாள். பிறகு ஒரு கேள்வி கேட்டாள் பாருங்கள்.

“அத்த எடுத்துட்டா, அப்பால அவுரு இன்னாத்த வச்சிப் பாப்பாரு?”

“கண்ணாடி போடுவோம். உள்ளே இருந்த மணியின் வேலையை வெளியே இருக்கிற கண்ணாடி செய்யும். கெட்டியான கண்ணாடி. எல்லாம் கொஞ்சம் பெரிதாய், கிட்டத்தில் இருக்கிற மாதிரி தெரியும். பழகிக்கொள்ள வேண்டும்.”

இப்போது அந்த மணிக்குப் பதிலாகக் கண்ணுக்குள்ளேயே வில்லை வைக்கிறார்கள். போன வருஷம் எனக்கு வைத்தார்கள். காபி ஆறுகிற நேரம்கூட ஆகவில்லை. வெளியே வந்ததும் டாக்டரம்மாவிடம் “உண்மையாகவே எடுத்தீர்களா?” என்று கேட்டேன். புத்தி எங்கே போகும்?

வேம்புலி டாக்டர் பக்கம் கையை நீட்டி, “நா வரேன்” என்றார். செங்கேணி அந்தக் கையைப் பிடித்துக் கீழே இறக்கினாள்.

“அவுரு வரமாட்டாரு. கண்ணுன்னு சொல்லி இட்டுகினு போயி வேற எத்தயோ அறுத்து அனுப்புவீங்க. வண்டியப் பாத்தாலே தெரியுதே.”

“இந்த வயசுல அவருக்கு எதுக்குக்கா அது?” என்றேன்.

“நீயா வயசு பாக்கறவ? உனுக்கு ஆளு கணக்கு வோணும்.”



நான் செய்த கேவலம்

ஆனாலும் அவள் சொன்ன காரணத்தை நான் நம்பவில்லை. புருஷனுக்குக் கண் வரும் என்றால் எந்தப் பெண்டாட்டியாவது தடுப்பாளா? ஒரு கண் போனதைப் பக்கத்திலிருந்து பார்த்தவள் பயப்படுவாள், சரி. ஆனால் அவள் முகத்தில் இருந்தது பயம் மட்டுமில்லை. டாக்டர் “பார்வை வரும்” என்று சொன்ன நிமிஷம் அவள் முகம் சுண்டிப்போனதை நான் பார்த்தேன். அவருக்குத் தெரியக் கூடாத ஏதோ ஒன்று இவளிடம் இருக்கிறது என்று தீர்மானம் செய்தேன். என் மனசு எந்தெந்தச் சந்துக்கெல்லாம் போயிற்று என்பதை இங்கே எழுத வெட்கமாக இருக்கிறது.

வேம்புலியோ தவித்தார். அடுத்த தடவை நான் போனபோது வீட்டு வாசலில் தனியாக உட்கார்ந்திருந்தார்.

“கஞ்சில ஈ கெடந்தாலும் தெரியல நர்சம்மா. வெளிக்குப் போவணும்னா அவ கையப் பிடிக்கணும். ஆம்பளக்கி அது பேஜாரு. அவகிட்ட நீ சொல்லு.”

அவள் தண்ணீர்க் குடத்தோடு வந்தாள். நான் அவளைத் தோப்புப் பக்கம் கூட்டிக்கொண்டு போய்ச் சொன்னேன்.

“அக்கா, கரையில மீன் பாக்கறது அவர் இல்ல, நீதான். எனக்குத் தெரியும். நீ அவரை அனுப்பலன்னா தேசிங்குகிட்டச் சொல்லிடுவேன்.”

மிரட்டல்தான். வேறு பெயர் கிடையாது. அந்தக் கரையில் பொம்பளை வலையைத் தாண்டினாலே வலைக்கு ஆகாது என்பார்கள். தண்ணீர் தெளித்து, கற்பூரம் காட்டித்தான் மறுபடி எடுப்பார்கள். பொம்பளை பார்த்துச் சொல்லி வலை போட்டார்கள் என்று தெரிந்தால் வேம்புலியை அந்த இடத்தில் நிற்க விடமாட்டார்கள். இரண்டு பேருக்கும் பிழைப்பு போய்விடும்.

அவள் குடத்தைக் கீழே வைத்தாள். என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

“நல்லா இரு நர்சம்மா” என்றாள். அவ்வளவுதான். அதைத் திட்டாக எடுத்துக்கொள்வதா, ஒப்புதலாக எடுத்துக்கொள்வதா என்று அன்றைக்கெல்லாம் யோசித்தேன். மறுவாரம் ஜீப்பில் இரண்டு பேரும் ஏறினார்கள்.

ஏரி மணல்

திருப்போரூர் வழியாகச் செங்கல்பட்டு போய்ச் சேரும்வரை செங்கேணி வேம்புலியின் வேட்டி முடிச்சைக் கையில் பிடித்துக்கொண்டே வந்தாள். வேறு எதுவும் அறுத்துவிடக் கூடாதாம். அறுவை அறைக்குள்ளும் வருவேன் என்று அடம் பிடித்தாள். டாக்டர் கத்தினார். கடைசியில் வகுப்பறை ஜன்னல் பக்கம் நின்று பார்க்கவிட்டார்கள்.

நெற்றியில் பிளாஸ்திரி ஒட்டி எண் எழுதினார்கள். இமை மயிரை வெட்டினார்கள். கண்ணைச் சுற்றி மரத்துப்போக ஊசி போட்டார்கள். ஊசி என்றதும் வேம்புலி ஊரே கேட்க அலறினார். வெளியே நின்ற செங்கேணி, “யோவ், அசையாதய்யா! நா பாத்துகினுதான் கீறேன்” என்று குரல் கொடுத்தாள். அடங்கிவிட்டார். டாக்டர் கருவிழியின் ஓரத்தில் பாதி வட்டமாகத் திறந்து, அந்த வெள்ளை மணியை உடையாமல் முழுசாக வெளியே எடுத்து, பட்டு நூலால் தைத்தார். மணியை ஜன்னல் பக்கம் நீட்டிக் காட்டினார். பழுப்பும் வெள்ளையுமாகப் பெரிய துவரம்பருப்பு அளவு இருந்தது. செங்கேணி அதை நெடுநேரம் பார்த்தாள்.

அறுவை பத்து நிமிஷம். அதற்குப் பிறகுதான் தண்டனை.

இரண்டு கண்ணிலும் பஞ்சு வைத்துக் கட்டு. மல்லாக்கப் படுக்க வேண்டும். தலை அசையாமல் இரண்டு பக்கமும் மணல் மூட்டை. இருமக் கூடாது, தும்மக் கூடாது, முக்கக் கூடாது, மெல்லக் கூடாது. கஞ்சியும் பாலில் ஊறிய ரொட்டியும்தான். அழவும் கூடாது. தையல் பிரிந்தால் கண்ணுக்குள் இருப்பதெல்லாம் வெளியே வந்துவிடும். அவருக்கு இருந்தது ஒரே கண்.

வேம்புலி மணல் மூட்டையைத் தடவிப் பார்த்தார். “இது நம்மூரு மண்ணு இல்லயே. ஏரி மண்ணு. இத்த ஏன் வச்சிக் கீறாங்க?” என்று அதற்கும் ஒரு சந்தேகம். நானே பரவாயில்லை என்று தோன்றியது.

செங்கேணி தலைமாட்டில் உட்கார்ந்து அவர் தலையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். ஐந்து நாளும் அப்படித்தான். கால் மரத்துப்போனால் மாற்றி உட்கார்வாள்; கையை எடுக்கமாட்டாள். இவளைப் போய்ச் சந்தேகப்பட்டோமே என்று எனக்கு உறுத்தத் தொடங்கியது.

மூன்றாம் நாள் மத்தியானம். அனல் காற்று. வரிசையாகப் படுத்திருந்தவர்கள் எல்லாரும் தூங்கினார்கள். வேம்புலியிடமிருந்தும் சீராக மூச்சு வந்தது. நான் பனையோலை விசிறியோடு அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

“என்னை மன்னிச்சிடுக்கா” என்றேன். “ஆனா ஒண்ணு சொல்லு. ஏன் வேணாம்னு நின்னே?”

அவள் குனிந்து அவர் மூச்சைக் கேட்டாள். பிறகு குரலைத் தணித்துச் சொன்னாள்.

“எங்க நைனா கரையில நின்னு மீனு பாத்தவரு. எனுக்குச் சின்ன புள்ளயிலயே தண்ணி நெறம் தெரியும். பொட்டப் புள்ளக்கி அது எதுக்குன்னு கூடயத் தலையில வச்சாங்க. நாப்பது வயசு வரைக்கும் உப்பங்கழி தாண்டி, திருப்போரூரு சந்தைக்கி நடந்து நடந்து எனுக்கு உச்சந்தல முடி கொட்டிப்போச்சி. இவருக்குக் கண்ணு மங்கனப்பறம்தான் அந்த மணல்ல நா குந்துனேன். அஞ்சு வருசமா நா சொன்ன எடத்துல வல வியுது நர்சம்மா. ஒருத்தனுக்கும் தெரியாது. எனுக்குத் தெரியும். அது போதும்னு இருந்தேன். இவருக்குக் கண்ணு வந்துட்டா அப்பால நா எதுக்கு? மறுபடி கூடதான்.”

“இவுரு இப்பிடியே இருக்கட்டும்னு நெனச்ச பாவி நா. அதான், தலயாவது ஒயுங்காப் பிடிச்சிகினு கீறேன்” என்றாள்.

நான் எதையெதையோ சந்தேகப்பட்டிருந்தேன். இதை மட்டும் எனக்குச் சந்தேகப்படத் தெரியவில்லை.

இரண்டு பஞ்சும் ஈரம்

மறுநாள் காலை கட்டு மாற்றப் போனேன். வேம்புலியின் கட்டு நனைந்திருந்தது.

தையல் கசிகிறதா, சீழ் பிடித்துவிட்டதா, இடது கண்ணின் கதைதானா மறுபடியும்? டாக்டரைக் கூப்பிட்டேன். அவர் ஓடிவந்து பஞ்சைப் பிரித்து மோந்து பார்த்தார். வாடை இல்லை. டார்ச் அடித்துக் கண்ணைப் பார்த்தார். தையல் அப்படியே இருந்தது. கருவிழி பளிச்சென்று இருந்தது.

“வெறும் தண்ணீர்தான். அழுதாயா நீ?” என்று வேம்புலியிடம் எரிந்து விழுந்தார்.

“வேர்வ டாக்டரு” என்றார் வேம்புலி.

“கண்ணுக்குள்ளேயா வேர்க்கும்? இன்னொரு தடவை வேர்த்தால் கண் போய்விடும், ஜாக்கிரதை.”

நான் பழைய பஞ்சுகளை எடுத்துக் குப்பைத் தட்டில் போட்டேன். இரண்டும் ஈரமாக இருந்தன. அறுவை செய்த கண்ணின் பஞ்சும் ஈரம். ஒன்றுமே செய்யாத, செத்துப்போன இடது கண்ணின் பஞ்சும் ஈரம். அதைக் கையில் வைத்திருந்தும் ஏன் என்று நான் யோசிக்கவில்லை. சந்தேகக்காரி என்று பேரெடுத்து என்ன பிரயோஜனம்?

நீலம்

ஒன்றரை மாதம் கழித்துக் கண்ணாடி வந்தது. சோடா பாட்டிலின் அடிப்பாகம்போல் தடிமன். அதை மாட்டிக்கொண்டு வேம்புலி முதலில் தன் கையைப் பார்த்தார். “இம்மாம் பெரிசா என் கையி?” என்றார். தண்ணீர்ச் செம்பை எடுக்கப் போய்க் காற்றைப் பிடித்தார். வாசற்படி கிட்டத்தில் வந்துவிட்டதென்று காலைத் தூக்கி வைத்துத் தடுக்கினார். இரண்டாம் நாள் என்னை ரகசியமாகக் கூப்பிட்டார்.

“உண்மையச் சொல்லு நர்சம்மா. இது என் கண்ணுதானா? செத்தவன் கண்ணு எதுனா வச்சி அனுப்பிட்டாங்களா?”

“உங்க கண்ணுதான் அண்ணாத்தே. ஏன்?”

“கடலு இவ்ளோ நீலமா இருந்ததில்லயே. சாயம் போட்ட மாதிரி கீது.”

சிரிப்பு வந்தாலும் எனக்குக் காரணம் தெரிந்திருந்தது. புரை வெள்ளையாவதற்கு முன் வருஷக்கணக்கில் மஞ்சளாகவும் பழுப்பாகவும் இருக்கும். புகை படிந்த லாந்தர்க் கண்ணாடி வழியாகப் பார்த்தே அவருக்கு நீலம் மறந்துபோயிருந்தது. மணியை எடுத்ததும் நீலம் ஒரேயடியாக உள்ளே வந்துவிட்டது. எனக்கும் அப்படித்தான் ஆயிற்று. சாம்பல் நிறம் என்று நினைத்து நான் உடுத்திக்கொண்டிருந்த புடவை, என் அறுவைக்குப் பிறகு பார்த்தால் ஊதா.

அவர் மறுபடி கரையில் நிற்கப்போகிறார் என்ற செய்தி பரவியது. ஜீப்புக்குப் பயந்து ஓடியவர்கள் எல்லாரும் வந்துவிட்டார்கள். சர்க்கார் கொடுத்த கண் வேலை செய்கிறதா என்று பார்க்க வேண்டுமே. அது சரியாக இருந்தால்தான் அடுத்த முகாமுக்கு ஆள் வரும். நானும் போய் நின்றேன். செங்கேணி தலையில் சும்மாடும் கூடையுமாக, பொம்பளைகளோடு தூரத்தில் நின்றாள். பின்னால் வந்து உட்காரவில்லை.

வேம்புலி கண்ணாடியைத் தூக்கி விட்டுக்கொண்டார். வெகுநேரம் பார்த்தார். துண்டு தெற்கே சாய்ந்தது. தோணி வளைத்தது. இருபது பேரும் மூச்சைப் பிடித்து இழுத்தார்கள். வலை கரைக்கு வந்தபோது அதில் பாசியும் சொறிமீனும்தான் இருந்தன.

“இன்னாய்யா இது?” என்று தேசிங்கு கத்தினார். “கண்ணு மங்கலா இருந்தப்ப ஒயுங்கா சொன்னே! கண்ணு குடுக்கறேன்னு இந்த நர்சம்மா இருந்ததையும் கெடுத்துட்டாளே!”

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் வாயைத் திறக்க முடியுமா? திறந்தால் அவள் ரகசியம் போய்விடும்.

வேம்புலி கண்ணாடியைக் கழற்றவில்லை. பொம்பளைகள் இருந்த பக்கம் திரும்பினார்.

“ஏமே, இங்க வா.”

செங்கேணி அசையவில்லை. அவரே மணலில் காலைத் துழாவித் துழாவி நடந்துபோய், அவள் தலையிலிருந்த கூடையை இறக்கி வைத்தார். துண்டை அவள் கையில் திணித்தார்.

“நா எப்பவோ குருடன்டா” என்று கரையைப் பார்த்துச் சொன்னார். “அஞ்சு வருசமா மீனு பாத்தது இவ. நா துண்டுதான் தூக்கனேன்.”

“பொம்பள சொல்லி வல போடறதா?” என்றார் தேசிங்கு. “ஊரு சிரிக்கும்.”

“அஞ்சு வருசமா போட்டுகினுதான கீறே! எவனாச்சும் சிரிச்சானா? துன்னுட்டுப் போனீங்க.”

செங்கேணி கையிலிருந்த துண்டைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டாள். “ஏன்யா இப்பிடிப் பண்ணே?” என்று அழுகிற குரலில் கேட்டாள்.

“அன்னிக்கி மத்தியானம் நா தூங்கல” என்றார் வேம்புலி.

அப்போதுதான் அந்த இரண்டு பஞ்சும் என் நினைவுக்கு வந்தன. எனக்குக் கண் கலங்கிவிட்டது, மறைக்காமல் அழுதேன்.

செங்கேணி முன்னால் வந்து நின்றாள். அந்த இடத்தில் அவள் நிற்பது அதுதான் முதல் தடவை. வலையை மறுபடி ஏற்றித் தோணியில் இருந்தவர்கள் துடுப்பைப் பிடித்துவிட்டார்கள். இருபது பேரில் நாலைந்து பேர் முனகிக்கொண்டே கயிற்றை எடுத்தார்கள். அவள் துண்டைத் தூக்கவில்லை.

“இன்னும் வரல. குந்துங்க” என்றாள்.

ஒவ்வொருவராக உட்கார்ந்தார்கள். கடைசியில் தேசிங்கும் உட்கார்ந்தார்.

வேம்புலி மட்டும் நின்றுகொண்டிருந்தார். எல்லாரும் கடலைப் பார்த்துக்கொண்டிருக்க, அவர் கடலுக்கு முதுகைக் காட்டி, அந்தத் தடிமனான கண்ணாடி வழியாக அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“அண்ணாத்தே, கடல் அந்தப் பக்கம்” என்றேன் மெதுவாக.

“அத்தப் பாக்கத்தான் ஆளு கீதே நர்சம்மா” என்றார்.